பல்லுக்காகக் குடித்த கஞ்சி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுன்னாகம் சந்தையில் ஒரு வெங்காயக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன். ஆட்களோடு கதைப்பதே எனக்குக் கஷ்டம். கடைக்கு வருகிறவர் விலை கேட்டால் முதலாளியைத்தான் பார்ப்பேன். இப்படிப்பட்ட நான் பேனையைத் தூக்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் கதைக்கக் கூச்சப்படுகிறவனுக்கு எழுத்தில் ஒரு வசதி உண்டு. எதிரில் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயமும் பெரிதல்ல. ஒரு கடைவாய்ப் பல்லைப் பற்றியதும் கொஞ்ச இரத்தத்தைப் பற்றியதும்தான்.

என் இதயத்தில் இருக்கும் வால்வுகளில் ஒன்று செய்து வைத்தது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் சொந்த வால்வைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி, சில வருடங்களுக்கு முன் கொழும்பில் நெஞ்சைத் திறந்து மாற்றினார்கள். புது வால்வில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரத்தத்துக்கு அதைப் பிடிக்காது. வெளியாள் என்று கண்டுகொண்டு அதன்மேல் உறைந்து கட்டியாகப் பார்க்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு நாளும் இரவில் வார்பரின் என்ற குளிசை குடிக்கிறேன். குளிசை கூடினால் இரத்தம் தண்ணீர் மாதிரி ஆகி எங்கேயாவது கசியத் தொடங்கும். குறைந்தால் கட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேனா என்று பார்க்கத்தான் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுப்பது.

நீல மூடி போட்ட சின்னக் குழாயில், அதிலுள்ள கோடுவரை எடுப்பார்கள். கோட்டுக்கு மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. லாப்பில் உள்ள மெஷின் அந்த இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து ஓர் எண் சொல்லும். மருந்து குடிக்காத மனிதருக்கு ஒன்று என்று வரும். எனக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் வரவேண்டும். அந்த எண்ணை ஐ.என்.ஆர். என்பார்கள். அதன் விரிவைக் கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

காலையில் இரத்தம் கொடுத்தால் மத்தியானம்தான் முடிவு வரும். அதுவரை கிளினிக் விறாந்தையில் உள்ள நீள மர வாங்கில் உட்கார்ந்திருப்போம். எனக்கு வால்வு மாற்றியதைவிடக் கஷ்டமான காரியம் அந்த வாங்கில் இருப்பதுதான். ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைப் பரீட்சைப் புள்ளியாகத்தான் பார்ப்பார்கள். முடிவு வந்ததும் ஒருவருக்கொருவர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாதவனைப் பெயில் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இந்தப் பழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் ஒரு மாஸ்டர். பண்டத்தரிப்புப் பக்கம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், அதற்குப் பிறகும் பல வருடம் டியூசன் நடத்தியவர். டியூசனை மூடிய பிறகு அவருக்குக் கிடைத்த வகுப்பு எங்கள் வாங்குதான்.

"என்ன தம்பி, எத்தினை?"

"ரெண்டு தசம் ஒம்பது, மாஸ்டர்."

"அப்ப ஏ. வீட்டிலை சொல்லும், சந்தோசப்படுவினம்."

எனக்குப் பக்கத்தில் வழக்கமாக இருப்பவர் குருநகரில் மீன் விற்கிற ஓர் அம்மா. இதயம் தாளம் தப்பித் துடிப்பதற்காக அவரும் அதே குளிசையைக் குடிக்கிறார். அவருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வந்தால் போதும். மாஸ்டர் அவரையும் விடமாட்டார்.

"உங்களுக்கு ரெண்டு தசம் ஒண்டு. இது எஸ். சாதாரண சித்தி. முயற்சி காணாது."

"மாஸ்டர், நான் பள்ளிக்கூடத்திலை எஸ் கூட எடுக்கேல்லை. இது எனக்குக் காணும்."

குளிசையோடு எங்கள் எல்லோருக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் தந்திருந்தார்கள். பச்சை இலை வகைகள் இந்த எண்ணைக் குறைக்கும், ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள் என்று அதில் இருந்தது. மாஸ்டர் அந்த வசனத்தின் முதல் பாதியை நன்றாகப் படித்துவிட்டார். கிளினிக்குக்கு முந்திய ஒரு கிழமை, ஏழு நாளும், கீரை, இலையை வதக்கிய வறை, வல்லாரைச் சம்பல் ஒன்றும் தொடக்கூடாது, கிளினிக் முடிந்த பிறகு விருப்பப்படி சாப்பிடலாம் என்று எங்களுக்குப் பாடத்திட்டம் போட்டுத் தந்தார். பரீட்சைக்கு முதல் படிப்பதும் முடிந்ததும் புத்தகத்தை மூடுவதும் எங்களுக்குப் பழகிய வழி. ஒருவரும் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் காசு வாங்காத டியூசனுக்குப் போகாமல் விட்டவர் யார்?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் பல் கிளம்பியது.

கீழே, வலப்பக்கம், கடைவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசியது. பிறகு சுடுதண்ணீருக்கும் கூசியது. பிறகு ஒன்றுக்கும் காத்திராமல் தானாகவே குத்தத் தொடங்கியது. கராம்பு எண்ணெய் வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். வார்பரின் குடிக்கிறவர்கள் கண்ட கண்ட நோவு மாத்திரை குடிக்கக்கூடாது, பரசிற்றமோல் மட்டும்தான். என் பல்லுக்குப் பரசிற்றமோல் ஒரு பொருட்டே இல்லை. கடையில் தராசு முள்ளைப் பார்க்கும்போது முள் இரண்டாகத் தெரிந்தது.

கிளினிக் நாளன்று மனைவியும் கூட வந்தாள். இரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் பல் வைத்தியப் பகுதிக்குப் போனேன். இளம் வைத்தியர். கதிரையைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பினார். திறந்தேன். அவர் சின்ன வட்டக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஐயா, பொக்கற்றுக்கை ஏதும் மணிக்கூடு வைச்சிருக்கிறியளோ?"

என் வால்வு திறந்து மூடும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். சட்டைக்கு மேலால் பெரிதாகக் கேட்காது. வாயைத் திறந்தால் கேட்கும். கொட்டாவி விடும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நேரம் பார்த்திருக்கிறார்கள். வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வைத்தியர் கண்ணாடியை மெதுவாக வெளியே எடுத்தார்.

"வால்வோ? வார்பரினோ? முதலே சொல்லியிருக்கலாமே."

சொல்லக் கூச்சமாக இருந்தது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அவர் என் மனைவியைப் பார்த்து விளங்கப்படுத்தினார். "இது பழுதான பல்லு, அக்கா. வைச்சிருக்க ஏலாது. இதிலை இருக்கிற கிருமி ரத்தத்தோடை போய் வால்விலை இருந்திட்டுதெண்டால் திரும்ப நெஞ்சைத் திறக்கோணும். ஆனா உடனை பிடுங்கவும் ஏலாது. ஐ.என்.ஆர். மூண்டுக்குக் கீழை இருந்தால்தான் நான் கை வைப்பன். இல்லாட்டி ரத்தம் நிக்காது. பிடுங்குற அண்டைக்கே எடுத்த றிப்போட்டோடை வாங்கோ."

"வைச்சிருக்கவும் ஏலாது, பிடுங்கவும் ஏலாது. அப்ப இவர் என்ன செய்யிறது?"

"மூண்டுக்குள்ளை வரோணும்."

மத்தியானம் முடிவு வந்தது. எனக்கு மூன்று தசம் ஆறு. அன்று வாங்கில் பலருக்கும் எண் ஏறித்தான் இருந்தது. எல்லோரும் ஒரு கிழமையாக இலையைத் தொடவில்லை அல்லவா. குருநகர் அம்மாவுக்கு மூன்று தசம் எட்டு. மாஸ்டருக்கே நாலு. கிளினிக் டொக்டர் ஓர் இளம் பெண், அமைதியான குரல். குளிசையைக் கொஞ்சம் குறைத்து எழுதி, எண் கூடியவர்கள் எல்லோரையும் அடுத்த கிழமையே திரும்ப வரச் சொன்னார்.

மாஸ்டர் தன் முடிவுத் துண்டைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"நாலு. நான் பெயிலோ?"

"நீங்கள்தானே மாஸ்டர் வகுப்பெடுத்தது" என்றார் குருநகர் அம்மா. "வாத்தி பெயிலெண்டால் பொடியள் என்ன செய்யிறது?"

மாஸ்டர் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "பாடத்திட்டத்தை மாத்துவம். எண் கூடியிருக்கு. குறைக்கோணும். இலை எண்ணைக் குறைக்கும். அப்ப இலை சாப்பிடோணும். சின்னக் கணக்கு. தம்பி, உமக்குத்தான் அவசரம். மூண்டுக்குள்ளை வரவேணும் எண்டு பல்லு டொக்டர் சொன்னவர். நான் கொண்டு வந்து விடுறன்."

நான் சும்மா தலையாட்டினேன். அப்படிச் செய்வது சரியில்லை என்று எனக்கு ஏதோ தோன்றியது. ஆனால் ஏ சித்தி வாங்கிக் கொடுத்த மாஸ்டரிடம் அதை எப்படிச் சொல்வது? என் மனைவி முன்னுக்கு வந்து நின்றுகொண்டாள். பெற்றார் கூட்டத்துக்குப் போன தாயின் முகம்.

"என்ன குடுக்கிறது, மாஸ்டர்?"

"இலைக்கஞ்சி. அதைவிடக் கெட்டியான சாமான் இல்லை. அடுத்த கிளினிக் வரைக்கும் விடாமல் குடுங்கோ, பிள்ளை."

"காலமையோ?"

"காலமையும். பின்னேரமும்."

வாங்கில் இருந்த எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். எனக்குச் சொன்ன பாடம் அவர்களுக்கும் பாடம்தான். அவர்களுக்கும் எண் கூடியிருந்தது. ஒருவர் இலைகளின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

அந்தக் கிழமையைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முருங்கையிலை, வல்லாரை, தூதுவளை, முசுட்டை, பொன்னாங்காணி. என் மனைவி ஒரு வேலையைத் தொடங்கினால் அரைகுறையாக விடமாட்டாள். எங்கள் முருங்கை மரம் இரண்டு நாளில் வெறும் தடியாக நின்றது. பிறகு பக்கத்து வீட்டு முருங்கை. பிறகு ஒழுங்கைத் திருப்பத்தில் உள்ள முருங்கை. இலைகளை உரலில் இடித்துச் சாறெடுத்து, அரிசியோடு காய்ச்சி, தேங்காய்ப்பால் விட்டு, பெரிய கோப்பையில் ஊற்றி எனக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். மத்தியானம் சோற்றோடு முருங்கையிலை வறை. மெல்ல முடியாது என்றால் அதையும் அரைத்துத் தந்தாள்.

"போதுமப்பா."

"பல்லுப் போகோணுமோ, இருக்கோணுமோ?"

"போகோணும்."

"அப்ப குடியுங்கோ."

கஞ்சி ருசியாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். வலக்கன்னம் வீங்கி ஒன்றும் மெல்ல முடியாமல் இருந்தவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு மிடறுக்கும் என் உடம்புக்குள் எங்கேயோ இரத்தம் தடித்துக்கொண்டு போவது போல ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. குளிசையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை.

அடுத்த கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். வழியில் பசித்தால் குடிக்கச் சொல்லி மனைவி பிளாஸ்க் நிறையக் கஞ்சி ஊற்றித் தந்து அனுப்பியிருந்தாள். வாங்கில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மண்டப வாசலில் நிற்பது போல. இரத்தம் கொடுத்துவிட்டு வந்து இருந்தோம். மாஸ்டர் புதுச் சேட்டுப் போட்டிருந்தார்.

மத்தியானம் வந்தது. முடிவு வரவில்லை. உள்ளே டெலிபோன் அடித்தது. கொஞ்சம் கழித்துத் திரும்பவும் அடித்தது. பிறகு நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி வெளியே வந்தார்.

"ஒருத்தரும் போகாதேங்கோ. எல்லாரும் திரும்ப ரத்தம் குடுக்கோணும்."

"என்ன மிஸ்ஸி, பேப்பர் அவுட்டாகிட்டுதோ?" என்று குருநகர் அம்மா கேட்டார்.

டொக்டரும் வந்தார். அவருக்குப் பின்னால் லாப்பில் இருந்து ஒருவர் நீல மூடிக் குழாய்கள் அடுக்கிய தட்டோடு வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒரே நாளிலை இத்தினை பேருக்கு ஒண்டரை, ஒண்டே முக்கால் எண்டு வராது" என்றார் டொக்டர். "குழாயிலை பிழையோ, லாப் மருந்திலை பிழையோ, மெஷினிலை பிழையோ எண்டு பாக்கோணும்."

"மெஷினிலை பிழையில்லை, டொக்டர்" என்றார் லாப்காரர். "திரும்பவும் போட்டுப் பாத்திட்டன், அதேதான் வருது. கழுவிப்போட்டும் பாத்திட்டன். கடைசியா என்ரை ரத்தத்தையே எடுத்துப் போட்டுப் பாத்தனான். எனக்கு ஒண்டு. மெஷினுக்கு ஒரு வருத்தம் காய்ச்சலும் இல்லை. எனக்கும் இல்லை."

"அப்ப இவையளுக்கு என்ன நடந்தது?"

"அதை இவையளைத்தான் கேக்கோணும்."

டொக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஆராவது குளிசை குடிக்காமல் விட்டனீங்களோ?"

"இல்லை, டொக்டர்." எல்லோரும் ஒரே குரலில். உண்மையும் அதுதான்.

"சாப்பாட்டிலை ஏதும் மாத்தினனீங்களோ?"

குருநகர் அம்மா மாஸ்டரைப் பார்த்தார். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். மாஸ்டர் மேலே சுழலும் காற்றாடியை, அதன் வேகத்தைக் கணக்கிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியடித்துப் பிடிபட்ட வகுப்பு இப்படித்தான் இருக்கும்.

"சரி" என்றார் டொக்டர் லாப்காரரிடம். "இந்தக் குழாய்ப் பெட்டியை எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ. மெஷினையும் நிப்பாட்டுங்கோ. திருத்துற ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டுவம்."

லாப்காரரின் முகத்தைப் பார்த்தேன். மதியச் சாப்பாடும் சாப்பிடாமல் தன் கையையே குத்தி இரத்தம் எடுத்த மனிதர். என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி நின்றேன். கேட்காத இடத்தில் நானாக எழும்பி நின்றது பெரியவனான பிறகு அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். நின்ற பிறகுதான் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது தெரிந்தது. கன்னம் வேறு வீங்கியிருந்தது. வாயைத் திறந்தேன். டிக், டிக் என்று வால்வுதான் கேட்டது.

பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தேன். மூடியைத் திருகி, அதில் கஞ்சியை ஊற்றி, டொக்டரிடம் நீட்டினேன். பாசி பிடித்த கேணித் தண்ணீர் மாதிரிப் பச்சை.

டொக்டர் வாங்கி மணந்து பார்த்தார். அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதானே.

"இலைக்கஞ்சி."

தலையாட்டினேன்.

"முசுட்டையும் போட்டிருக்கு."

தலையாட்டினேன்.

"எவ்வளவு நாளாய்?"

"ஒரு கிழமை" என்றேன். அது எப்படியோ வெளியே வந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

இரண்டு விரலைக் காட்டினேன். பிறகு வறையை நினைத்து மூன்றாவதையும் விரித்தேன்.

டொக்டர் மூடியைக் கவனமாக மேசையில் வைத்தார். "வேறை ஆர் ஆர் குடிச்சனீங்கள்? கையை உயர்த்துங்கோ."

முதலில் குருநகர் அம்மாவின் கை. "நான் இறால் போட்டுத்தான் குடிச்சனான், டொக்டர். அது பரவாயில்லையோ?" பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு வாங்கு முழுவதும். லாப்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் கடைசியாக ஒரு விரலை மட்டும் தூக்கினார், வெளியே போக அனுமதி கேட்கிறவர் மாதிரி.

"உங்கடை யோசினையோ, மாஸ்டர்?"

"போன தரம் ஒரு கிழமை இலையை விட்டம், எண் கூடிட்டுது. கூடினால் குறைக்கோணும், டொக்டர். அதுதானே கணக்கு."

"அப்ப நான் ரத்தத்தைப் பாத்து மருந்து எழுதேல்லை. உங்கடை சாப்பாட்டைப் பாத்து எழுதியிருக்கிறன்." அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "போன கிளினிக்குக்கு முதல் ஒரு கிழமை இலையில்லை. இந்தக் கிழமை இலையைத் தவிர ஒண்டுமில்லை. நான் எதை நம்பி அளவு சொல்லுறது? எனக்கு நீங்கள் வழமையா சாப்பிடுற நாளிலை இருக்கிற ரத்தம் வேணும். கிளினிக்குக்கு எண்டு சோடிச்சு வெளிக்கிட்டு வாற ரத்தம் வேண்டாம். இலை சாப்பிடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. எல்லா நாளும் ஒரே அளவாய்ச் சாப்பிடுங்கோ."

"இண்டைக்கு எல்லாரும் பெயில்" என்றார் குருநகர் அம்மா.

"பெயில் இல்லை, அம்மா. ஊசி."

எண் மிகவும் இறங்கியவர்களுக்கு, அது திரும்ப ஏறும்வரை கட்டி பிடிக்காமல் இருக்க வயிற்றில் ஊசி போட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். குருநகர் அம்மாவுக்கும் அதில் ஒன்று. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உன்ரை ஒரு பல்லுக்கு என்ரை வயித்திலை ஊசி. இதை நான் மறக்கமாட்டன்."

பிறகு டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். எனக்கு ஒன்று தசம் நாலு. வாங்கிலேயே குறைந்தது எனக்குத்தான். அதைச் சொல்லும்போது அவருடைய முகம் மாறியிருந்தது.

"உங்களுக்கு வால்வு இருக்கு, ஐயா. ரத்தம் இப்பிடித் தடிச்சால் வால்விலை கட்டி பிடிக்கும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் வாய் ஒரு பக்கம் இழுத்துப்போடும். பிறகு பல்லைப் பற்றி யோசிக்கத் தேவையிருக்காது."

நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றி வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கட்டி பிடித்தால் அந்த டிக், டிக் மங்கிப் போகும் என்று பிறகு சொன்னார். அப்போது சொல்லவில்லை. எனக்கோ அவர் கேட்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. ஊரெல்லாம் கேட்கிறதே என்று நான் வெட்கப்பட்ட அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று முதல் தரமாக விரும்பினேன்.

"தெளிவா இருக்கு" என்றார். கண்ணைத் திறந்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். மேசையிலிருந்த துண்டைப் பார்த்தார். திரும்பக் கன்னத்தைப் பார்த்தார். ரிசீவரை எடுத்துப் பல் வைத்தியப் பகுதிக்கு அடித்தார்.

"நீங்கள் மூண்டுக்குள்ளை கேட்ட ஐயா இஞ்சை இருக்கிறார். இண்டைக்கு ஒண்டு தசம் நாலு... ஓம், ஒண்டு... எப்பிடி எண்டு பிறகு சொல்லுறன். நான் இதை வைச்சுக்கொண்டிருக்க ஏலாது, இரவைக்கே ஏத்தத் தொடங்கோணும். பல்லை இப்பவே எடுத்தால் எடுத்ததுதான்... ஓம், இப்ப அனுப்புறன்."

ரிசீவரை வைத்துவிட்டு விரலை நீட்டி எனக்குச் சொன்னார். "இது கெட்டித்தனம் இல்லை, ஐயா. தப்பினது அதிர்ஷ்டம். இனி ஒரு தரம் இப்பிடிச் செய்யக்கூடாது. விளங்குதோ?"

"ஓம், டொக்டர்."

வெளியே வந்தபோது செய்தி எனக்கு முதலே வாங்குக்குப் போய்விட்டது. கதவு மெல்லிய பலகை. மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தீரோ தம்பி? மூண்டுக்குள்ளை வந்திட்டீர். பாஸ்."

"மாஸ்டர்" என்றார் குருநகர் அம்மா வயிற்றில் கையை வைத்தபடி, "வாயை மூடிக்கொண்டு இருங்கோ. இல்லாட்டி உங்கடை பல்லையும் சேத்துப் பிடுங்கச் சொல்லுவன்."

பல் வைத்தியர் முதலில் கிருமிக்கு மருந்து தந்து ஒரு மணித்தியாலம் இருத்தினார். பிறகு விறைப்பு ஊசி. பிறகு இடுக்கி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கேயோ தூரத்தில் மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது என் வாய்க்குள்தான் என்று பிறகு விளங்கியது. குழியில் தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். பின்னேரம்வரை அங்கேயே ஒரு கதிரையில் வைத்து, இடைக்கிடை பஞ்சை எடுத்துப் பார்த்தார்கள். முதலாவது பஞ்சு சிவப்பு. பிறகு வந்ததெல்லாம் வரவர வெளிறிக்கொண்டு போயிற்று. இரவுக் குளிசையை வழமைபோலக் குடிக்கவும், எண் ஏறும்வரை ஒவ்வொரு நாளும் ஊசிக்கு வரவும் சொன்னார்கள்.

தங்கள் வீடுகளுக்குப் போக முன் குருநகர் அம்மாவும் மாஸ்டரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பல்லைக் காட்டச் சொன்னார்கள். கடதாசியில் சுற்றி வைத்திருந்ததை விரித்தேன்.

"இதுக்கோ?" என்றார் அம்மா. "இவ்வளவு சின்னனுக்கோ?"

மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "வேர் ரெண்டு" என்றார். கடதாசியைத் திரும்ப மடித்துத் தந்தார். பிறகு, "தம்பி, வால்வைப் பற்றி நான் யோசிக்கேல்லை. எண்ணைத்தான் யோசிச்சனான்" என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினார். வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவருடைய தோளைத் தொட்டேன்.

மினிபஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். மனைவி வாசல் படலையில் நின்றாள். பிடுங்கினார்களா, நொந்ததா, எண் எவ்வளவு, மாஸ்டர் என்ன சொன்னார், கஞ்சி போதுமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். பஞ்சைக் கடித்தபடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். நான் கதைக்க முடியாமல் இருக்கிறேன் என்பதை அவள் கண்டுபிடிக்கவே வெகுநேரம் எடுத்தது.

அடுத்த நாள் காலையில் இரத்தம் நின்றிருந்தது. பஸ் எடுத்துப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மத்தியானம் ஆறின சோற்றில் தேங்காய்ப்பால் சொதி விட்டுக் குழைத்து இடப்பக்கத்தால் சாப்பிட்டேன்.